நாய்க்குப் போட்ட சம்பந்தி இலை

வந்தவர்கள் உட்காருங்கள். நிற்கிறவர்கள் நின்றபடியே கேளுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைச் சிரித்த முகத்தோடு என்னால் சொல்ல முடியாது. எத்தனை முறை சொன்னாலும் வயிறு எரிகிறது. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். இதில் கெட்டவர்கள் யாருமே இல்லை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் அன்பானவர்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

பாளையக்காரர்கள் ஆண்ட பழங்காலத்தில், தெற்கே கரிசல் காட்டை ஒட்டிச் செங்காட்டுப் பாளையம் என்று ஒன்று இருந்தது. அதை ஆண்டவர் குமாரவீரப் பூபதி. அவருக்கு மூன்று பெருமைகள் உண்டு. கோட்டை பெரியது என்ற பெருமை. குதிரை அழகானது என்ற பெருமை. தன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல்தான் எழுந்திருப்பான் என்ற பெருமை. மூன்றில் இந்தக் கடைசிப் பெருமைதான் அவருக்கு உயிர். அவருடைய மனைவி அங்கச்சி நாச்சியாருக்கு அது உயிருக்கும் மேலே.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது நகைநட்டோடு ஒரு வேட்டை நாயையும் அனுப்பிவைப்பார்கள். பெண் தன் கையால் வளர்த்த நாய். பல்லக்குக்குப் பின்னால் ஓடியே வரும். புகுந்த வீட்டில் அவளுக்கு முகம் தெரிந்த ஒரே உயிர் அதுதான். அதனால் மற்ற அரண்மனைகளில் அந்த நாயை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடுவார்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.

செங்காட்டு அரண்மனைக்கு அது போதவில்லை. பெண்ணோடு வந்தது நாயா? இல்லை, அது சம்பந்தி! சம்பந்தி வீட்டிலிருந்து வந்த எதற்கும் சம்பந்தி மரியாதை உண்டு. ஆகவே நாய்க்குத் தலைவாழை இலை. இலையில் முதலில் அதிரசம். பிறகு நெய் ஒழுகும் சோறு. பிறகு சின்ன வெங்காயத்தை அள்ளிப்போட்டுச் சமைத்த கறி. பிறகு உலர்ந்த திராட்சை மிதக்கும் பாயசம். காலையிலும் அப்படித்தான், மாலையிலும் அப்படித்தான். நாய் தின்ற இலையைக் கோட்டை வாசலில் போடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "நாய்க்கே இப்படின்னா மனுசனுக்கு எப்படிப் போடுவாக!" என்று வியக்க வேண்டும். அதற்குத்தான் அந்த இலை. நாய்க்காக என்று நினைத்தீர்களா?

மூத்த மருமகள் காந்திமதி ஒரு நாயோடு வந்தாள். வரும்போது அது வில்லில் ஏற்றிய அம்பு மாதிரி இருந்தது. தின்றது, பருத்தது, மூச்சு வாங்கியது, ஒருநாள் படுத்த இடத்திலேயே செத்துப்போனது. "அவுக வீட்டு நாய்க்கு வலு கம்மி" என்றது அரண்மனை.

நடு மருமகள் பேச்சியம்மாள் ஒரு நாயோடு வந்தாள். அதுவும் தின்றது, பருத்தது. அதற்குத் தாகம் அடங்கவில்லை, கண்ணில் வெள்ளை பூத்தது, கால் நடுங்கியது, செத்துப்போனது. "யார் கண்ணோ பட்டுப்போச்சு" என்றது அரண்மனை.

இரண்டு நாய்களுக்கும் சந்தனம் பூசி, மாலை போட்டு, மேளம் கொட்டி அடக்கம் செய்தார்கள். அங்கச்சி நாச்சியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பொய்யழுகை இல்லை, உண்மையாகவே அழுதார். அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு சட்டி கூழ் ஊற்ற மனமில்லை. செத்த பிறகு சந்தனம்! செத்த நாய்க்குச் சந்தனம் மணக்குமா?

இளைய மருமகளாக வந்தவள் வெயிலம்மாள். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பாளையத்தை ஆண்ட சங்கிலி ராயருடைய மகள். அந்த வீட்டில் நாய்கள் ஏராளம். எந்த நாய்க்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று பேசிக்கொண்டே வளர்ந்தவர்கள் அவர்கள். அவளோடு வந்த பெட்டை நாயின் பெயர் சாரல். சாம்பல் நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட முகம். காட்டு முயல் திரும்பிப் பார்ப்பதற்குள் சாரலின் பல் அதன் கழுத்தில் இருக்கும்.

வந்த அன்றைக்கே சாரலுக்கு இலை போட்டார்கள். அதைப் பார்த்து வெயிலம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேரே மாமியாரிடம் போனாள்.

"அத்தை, இதெல்லாம் நாய்க்கு ஆகாது. இனிப்பு ஆகாது, வெங்காயம் ஆகாது, திராட்சை அதுக்கு விசம். உப்பில்லாம வேகவச்ச கறியும் கேப்பைக்கூழும் கொஞ்சம் மோரும் போதும். நானே காய்ச்சி ஊத்திக்கிடுதேன்."

அங்கச்சி நாச்சியாரின் முகம் சிவந்துபோனது. "எங்க வீட்டுச் சோறு ஒன் நாய்க்கு ஆகாதாக்கும்? அரமனை எலையைப் பாத்து ஆகாதுன்னு சொன்ன மொத ஆளு நீதான் தாயி. கூழு ஊத்துனா ஊரு காறித் துப்பாதா?"

வெயிலம்மாள் மாமனாரிடம் போனாள். பூபதி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எலையில ஒரு பதார்த்தம் கொறைஞ்சா ஒங்க அப்பாவைக் கொறைச்ச மாதிரி தாயி. நாளைக்கு அவரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கணவனிடம் போனாள். அவன் நல்ல பிள்ளை. கோபமாக ஒரு சொல் பேசத் தெரியாதவன். "அம்மா ஆசையாப் போடுதாக, அது ஆசையாத் தின்னுது. நடுவுல நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இப்படிப்பட்ட நல்ல பிள்ளைகளை நினைத்தாலே எனக்குக் கை துறுதுறுக்கிறது.

அப்புறம் வெயிலம்மாள் தானே கூழ் காய்ச்சிக் கொல்லைப்புறத்தில் வைத்துப் பார்த்தாள். சாரல் அதையும் குடிக்கும். குடித்த வாய் காய்வதற்குள் நெய் வாசனை வந்துவிடும். உடனே முற்றத்துக்கு ஓடிப்போய் இலையின் முன்னால் நிற்கும். நாய்க்கு என்ன தெரியும்? அதிரசத்தைக் கண்டால் அது குழந்தைதான்.

"வாலை ஆட்டுது பாத்தியா!" என்பார் மாமியார். "பிடிக்கலைன்னா ஆட்டுமா? நீதான் அதைப் பட்டினி போட்டுக் கொல்லுதே."

இதற்கு என்ன பதில் சொல்வது? தன் கையிலிருந்து பறித்துத் தின்கிற நாயைக் காட்டி, தன் அன்பை மெய்ப்பிக்கிறவரிடம் வாதாட முடியுமா?

சாரல் பருத்தது. வயிறு தொங்கியது. முயலைக் கண்டால் எழுந்து நிற்கும், ஓடாது. தண்ணீர்த் தொட்டியே கதி என்று கிடந்தது. கண்களில் வெள்ளை படர ஆரம்பித்தது. பேச்சியம்மாள் ஒருநாள் அந்தக் கண்களைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய நாய்க்கும் கண் அப்படித்தான் ஆனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. அன்றைக்குப் பாயசத்தில் திராட்சையைக் கொட்டிக் கொட்டிக் காய்ச்சினார்கள். கொடை நாள் அல்லவா, சம்பந்தி இலைக்கு இரட்டிப்பாக ஊற்றினார்கள். மறுநாள் சாரல் வாந்தி எடுத்தது. எடுத்துக்கொண்டே இருந்தது. எழுந்து நிற்க முடியாமல் சுவரோடு சாய்ந்துகொண்டது. அப்போதும் அங்கச்சி நாச்சியார் ஓடிவந்து என்ன செய்தார் தெரியுமா? "ஐயோ, என் கண்ணு, வாடிப்போச்சே" என்று ஒரு கிண்ணம் பாயசத்தை அதன் வாயருகே நீட்டினார்.

வெயிலம்மாள் அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்தில் விட்டெறிந்தாள்.

அரண்மனையே திகைத்து நின்றது. மாமியார் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கி எறிந்த மருமகள் அந்தச் சீமையில் அதுவரை பிறக்கவில்லை. "இவளைக் கொண்டுபோய் அப்பன் வீட்டுல விட்டுட்டு வாங்க" என்று அங்கச்சி நாச்சியார் அலறினார்.

"போறேன் அத்தை" என்றாள் வெயிலம்மாள். "எங்க அப்பா மறுவீட்டு விருந்துக்கு உங்க எல்லாரையும் அழைச்சுக்கிட்டேதான் இருக்காரு. சேந்தே போவோம். விருந்தைச் சாப்பிட்டுட்டு என்னைய அங்கேயே விட்டுட்டு வரணும்னு தோணிச்சுன்னா விட்டுட்டு வாங்க."

மறுவீட்டு விருந்தை மறுக்க முடியாது. மறுத்தால் இரண்டு பாளையத்துக்கும் தீராப் பகை. ஆகவே எல்லாரும் கிளம்பினார்கள். பூபதி தன் குதிரை முத்துப்பரியில் ஏறினார். வெள்ளை வெளேரென்ற குதிரை. அவர் பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாள் கூட அவருக்கு நினைவிருக்காது. முத்துப்பரி எப்போது தண்ணீர் குடித்தது என்று கேட்டால் உடனே சொல்வார். வெயிலம்மாள் நாயை மடியில் கிடத்திக்கொண்டு பல்லக்கில் போனாள். வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் மோர் விட்டாள்.

சங்கிலி ராயர் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். பல்லக்கிலிருந்து சாரலை இறக்கியதைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. குட்டியாக இருந்தபோது அவர் தன் கையால் பால் புகட்டிய நாய். கை இடுப்பு வாளுக்குப் போய்விட்டது.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சண்டை வேண்டாம்ப்பா. எலையைப் போடுங்க. நம்ம மருவாதியில ஒண்ணும் கொறைய வேண்டாம்." பிறகு அவர் காதில் ஏதோ சொன்னாள். ராயரின் கை வாளை விட்டது.

பந்தி விரித்தார்கள். பூபதிக்கு ஓர் இலை. அங்கச்சி நாச்சியாருக்கு ஓர் இலை. மருமகள்களுக்கும் மகன்களுக்கும் வரிசையாக இலைகள். எல்லாரும் உட்கார்ந்து சோற்றில் கை வைத்த பிறகு, வெயிலம்மாள் இன்னும் ஓர் இலையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். முத்துப்பரி கட்டியிருந்த இடத்தில் அதை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"சம்பந்தியைச் சொமந்துக்கிட்டு வந்ததும் சம்பந்திதான" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "அதுக்கும் மருவாதி செய்யணுமில்ல?"

முதலில் அதிரசம் வைத்தாள். பந்தியில் சிரிப்பு எழுந்தது. முத்துப்பரி வெல்ல வாசனைக்குக் கழுத்தை நீட்டியது.

இரண்டாவதாகச் சோற்றைக் கூடை கூடையாகக் கவிழ்த்து நெய்யை ஊற்றினாள். சிரிப்பு நின்றது. பூபதியின் கை இலையிலேயே நின்றுபோனது.

மூன்றாவதாக ஓர் அண்டா பாயசத்தை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குதிரை சோற்றில் வாயை வைக்கக் குனிந்தது.

"ஏய்! நிறுத்து!" பூபதி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். சம்பந்தி வீட்டுப் பந்தியில் பாதியில் எழுவது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அது அப்போது நினைவில் இல்லை. எச்சில் கையோடு ஓடினார். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். இலையைக் காலால் எத்திவிட்டார். சோறு முற்றமெங்கும் சிதறியது.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? குதிரைக்குச் சோத்தையா போடுதே? வயிறு ஊதிப் பொரண்டு பொரண்டு செத்துப்போயிருமே! புல்லும் கொள்ளும் தவிர எதையும் இது வாயில வைக்கப்படாது. அந்தப் புல்லையே நான் மோந்து பாத்துல்ல போடச் சொல்லுதேன்!"

வெயிலம்மாள் அசையவில்லை. "அது ஆசையாத்தான மாமா குனிஞ்சுச்சு. கழுத்தை நீட்டுச்சே, நீங்க பாக்கலையா?"

"அதுக்கு என்ன தெரியும்? வாயில்லாத சீவன்! நமக்கில்ல தெரியணும்!"

"எங்க அப்பா வீட்டு எலையை எத்திட்டீங்களே மாமா. மருவாதி கொறையாதா?"

"மருவாதியாவது மண்ணாவது! உசுரு போயிரும்ங்கேன்!"

சொன்ன பிறகுதான் பூபதிக்குத் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது.

வெயிலம்மாள் சுவரோரம் கிடந்த சாரலைக் காட்டினாள். "இதைத்தான மாமா நானும் சொன்னேன்? வந்த அன்னைக்கே சொன்னேன். அத்தைகிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னேன். உங்க மகன்கிட்டச் சொன்னேன். குதிரையோட வயித்தை இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கிற மனுசனுக்கு நாய்க்கும் ஒரு வயிறு இருக்குன்னு தோணலையா? குதிரை செத்தா உங்களுக்கு நட்டம். நாய் செத்தா மேளம் கொட்டுனாப் போதுமா?"

அப்போது காந்திமதி எழுந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருவரையும் எதிர்த்துப் பேசாத மூத்த மருமகள்.

"வலு கம்மின்னு சொன்னீங்களே அத்தை. எங்க வீட்டு நாய்க்கு வலு கம்மின்னு இத்தனை வருசமாச் சொன்னீங்களே. எங்க அப்பா அதைக் கேட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டே செத்துப்போனாரு. என் நாயைக் கொன்னது யாரு அத்தை?"

அங்கச்சி நாச்சியார் பதில் தேடினார். "அதுதான் ஆசையாத் தின்னுச்சே..." என்றார்.

"தின்னுச்சு" என்றாள் வெயிலம்மாள். "உங்க கையால போட்டா மண்ணைக்கூடத் தின்னும் அத்தை. நம்பித்தான தின்னுச்சு?"

நான் ஒன்று கேட்கிறேன். இதைக் கேட்ட பிறகாவது அந்த அம்மாள் உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. பெரிய வீட்டுப் பெருமை அவ்வளவு சுலபத்தில் இறங்குமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லக்கில் ஏறினார். ஆனால் மருமகளை அப்பன் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. கோட்டைக்குத் திரும்பியதும் பூபதிதான் ஆணை போட்டார். சம்பந்தி இலை அன்றோடு ஒழிந்தது. நாய்க்கு என்ன ஊற்ற வேண்டும் என்பதை நாயை வளர்த்தவளே சொல்வாள் என்றார்.

வெயிலம்மாள் உப்பில்லாத கறியைப் பஞ்சாக வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, ஆறின கூழில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். பூசணியை மசித்துச் சேர்த்தாள். பசித்துக் கேட்டாலும் அளவுக்கு மேல் வைக்கவில்லை. முதலில் சாரல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு நக்கிப் பார்த்தது. பிறகு எழுந்து நின்றது. தொங்கிய வயிறு மெல்ல மெல்ல ஒட்டியது. கால் நடுக்கம் நின்றது.

கண் மட்டும் வரவில்லை. இரண்டு கண்ணும் போனது போனதுதான். காற்றைப் போல் ஓடிய நாய் அதற்குப் பிறகு முற்றத்தைத் தாண்டிப் போகவில்லை. கதை என்றால் கடைசியில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆகாது ஐயா. கெடுத்தது கெடுத்ததுதான். உங்கள் மன ஆறுதலுக்காக நான் அந்த நாய்க்குக் கண்ணை வரவழைக்க மாட்டேன்.

ஒருநாள் வெயிலம்மாளுக்குக் காய்ச்சல். சட்டியில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே அங்கச்சி நாச்சியார் அதைக் கையில் எடுத்தார். அதில் ஒரு சொட்டு நெய்யும் விடவில்லை, ஒரு துண்டு வெல்லமும் போடவில்லை. முற்றத்துக்குப் போய் நாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

சாரல் மூக்கைத் தூக்கியது. அவருடைய வாசனை அதற்கு நன்றாகத் தெரியும். வாரி வாரிக் கொடுத்த கை அது. கண்ணைக் கெடுத்த கையும் அதுதான். தடவித் தடவி நடந்து வந்து, சட்டியில் இருந்ததை மிச்சமில்லாமல் குடித்தது. குடித்து முடித்து அவருடைய மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

அங்கச்சி நாச்சியாருக்கு அதுதான் தாங்கவில்லை. "என்னைய ஒரு கடி கடிச்சிரு தாயி" என்று கெஞ்சினார். "ஒரே ஒரு கடி கடிச்சிரு. நான் செஞ்சதுக்கு ஒரு கடி கடிச்சாத்தான் எனக்கு ஆறும்."

நாய் அவருடைய கையை நக்கியது.

கேட்டீர்கள் அல்லவா? அது கடிக்காது. எந்தக் காலத்திலும் கடிக்காது. நீங்கள் எதைப் போட்டாலும் நம்பித் தின்னும், அதனால்தான் இவ்வளவு நேரம் உங்கள் மேல் எரிந்து விழுந்தேன். வீட்டுக்குப் போய் உங்கள் நாய்க்கு வைத்திருக்கிற தட்டை ஒரு தடவை குனிந்து பாருங்கள். பார்த்துவிட்டு இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்:

நம்மை நம்பி வாய் திறக்கும் உயிருக்கு, நம் பெருமையையும் ஆசையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் உடம்புக்கு எது நல்லதோ அதை மட்டும் ஊட்டுவதே அன்பு.